பவுடர் போட்டால் திறக்கும் கேட்

சுவாதி மேடம் எங்கள் கம்பெனியில் வந்து இறங்கியதும் முதல் வேலையாகக் குடையை விரித்தார். காரிலிருந்து ரிசப்ஷன் கண்ணாடிக் கதவுக்குப் பன்னிரண்டு தப்படி இருந்தால் அதிகம். அதற்கு ஒரு குடை. பிறகு ட்ரெய்னிங் ஹாலில் எங்கள் நாற்பது பேரையும் உட்காரவைத்து, "கறுப்புதான் அழகு. இந்த வெயில்தான் நம்ம ஸ்கின்னோட தாய்" என்று பேசினார்.

அப்போதே நான் சிரித்திருக்க வேண்டும். கை சிவக்கத் தட்டினேன். மூன்று வருஷமாக இன்ஸ்டாகிராமில் அவர் போடும் ஒவ்வொரு படத்துக்கும் முதல் ஆளாக ஹார்ட் போடுகிறவள் நான். அவர் பெண்களைத் தவிர வேறு யாரையும் வரைவதில்லை. மீன் விற்கிறவர், செங்கல் சூளையில் வேலை செய்கிறவர், குப்பை வண்டி தள்ளுகிறவர், எல்லாரும் ஆளுயரத்துக்கு நின்று நம்மை நேராக முறைப்பார்கள். அப்படி ஒரே ஒரு முகமாவது வரைந்துவிட மாட்டோமா என்று நானும் பெயின்ட் படாமல் மறைக்க ஒட்டுகிற மாஸ்கிங் பேப்பரின் பின்பக்கமெல்லாம் கிறுக்கிக் குவித்திருக்கிறேன். அப்பேர்ப்பட்டவர் ஒரகடத்துக்கு, அதுவும் நான் வேலை செய்கிற ஷெட்டுக்கு வருகிறார் என்றால் கை சும்மா இருக்குமா?

என் பெயர் ஷாலின். வீடு மண்ணூர். கார் பம்பருக்குப் பெயின்ட் அடிக்கும் கம்பெனியில் ஷேடு செக்கிங் பார்க்கிறேன். அடித்துக் காய்ந்து வரும் பம்பரைப் பகல் வெளிச்சம் மாதிரி எரிகிற விளக்குக்குக் கீழே வைத்து, பக்கத்தில் மாஸ்டர் பேனலை ஒட்டிப் பிடித்துப் பார்க்க வேண்டும். மாஸ்டர் பேனல் என்பது, 'நிறம் இப்படித்தான் இருக்கணும்' என்று கார் கம்பெனிக்காரன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சின்னத் தகடு. ஒத்துப்போனால் பாஸ், இல்லை என்றால் ரிஜெக்ட். வெள்ளையிலேயே எங்களிடம் ஐந்து வெள்ளை உண்டு. மற்றவர்கள் வெள்ளை என்று சொல்லிவிட்டுப் போவதை நான் எந்த வெள்ளை என்று கேட்பேன். அந்த வியாதி பிடித்தவள்.

மார்ச் எட்டு மகளிர் தினத்துக்கு எங்களில் ஒருத்தியை சுவாதி மேடம் வரைவார், படம் ரிசப்ஷனில் தொங்கும், பிறகு கண்காட்சிக்குப் போகும். எச்.ஆர். மேனேஜர் விஜயராகவன் சார் செய்த ஏற்பாடு அது. ஆனால் ஆளைப் பொறுக்க வந்த மேடத்துக்கு முதல் பார்வையிலேயே முகம் சுருங்கிவிட்டது. நாற்பது பேரும் பவுடர் அப்பியிருந்தோம்.

"ஏன் இப்படி உங்களை நீங்களே மறைச்சுக்கறீங்க?" என்று ஈர டிஷ்யூவோடு ஒவ்வொரு கன்னமாகத் துடைத்துப் பார்த்தார். பாவம், அவருக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் கம்பெனியில் பவுடர் அலங்காரம் இல்லை, கேட் பாஸ்.

போன ஆகஸ்டில் இரண்டாம் கேட்டில் முகம் பார்த்து அட்டெண்டன்ஸ் போடும் மெஷின் வைத்தார்கள். ஆளைத் தெரிந்தால் பச்சை விளக்கு எரியும், கேட் திறக்கும். தெரியாவிட்டால் சிவப்பு, 'அன்நோன் ஃபேஸ்'. மூன்று தடவை சிவப்பு விழுந்தால் அன்றைக்கு நீ ஆப்சென்ட். செக்யூரிட்டி விசிட்டர் சீட்டு எழுதி உள்ளே விட்டுவிடுவார், எட்டு மணி நேரம் வேலையும் வாங்கிக்கொள்வார்கள், கணக்கில் மட்டும் நீ வரவில்லை. பெண்களில் கறுத்தவர்களுக்குத்தான் சிவப்பு விழுந்தது. யாரோ ஒருத்தி பவுடரை அப்பிக்கொண்டு போய் நின்றாள், பச்சை எரிந்தது. அன்றிலிருந்து கம்பெனி பஸ்ஸில் டப்பா கைமாறத் தொடங்கியது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, நானும்தான். 'மெஷினுக்கும் செவப்புத் தோலுதான் புடிக்குது' என்று சிரித்துவிட்டுப் பூசிக்கொண்டோம்.

மேடம் கடைசியில் கங்காவைப் பிடித்தார். கங்காக்கா ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவள். வீடு பிள்ளைப்பாக்கம். காலையில் பூசிய பவுடர் லோடிங் பக்கத்து வெயிலில் பத்து மணிக்கே வழிந்து போயிருந்தது. "திஸ் ஃபேஸ்!" என்று மேடம் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்.

கங்காக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"நான் வரல ஷாலு. வண்டிய வுட்டுட்டு மூஞ்ச காட்டிகினு குந்தினு இருக்க சொல்றியா?"

"அக்கா, அவங்க எவ்ளோ பெரிய ஆர்ட்டிஸ்ட்டு தெரியுமா? உன் மூஞ்சி பாரிஸ்லாம் போவும்."

"நான் வந்தா கேட்டே தொறக்க மாட்டுது. என் மூஞ்சி பாரிஸ் போவுதாம்."

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. மழையில் ஓடிவந்த இரண்டு நாளில் பவுடர் கரைந்து ஏற்கெனவே இரண்டு ஆப்சென்ட் விழுந்திருந்தது. மார்ச் கடைசியில் பெர்மனென்ட் லிஸ்ட். மூன்றாவது விழுந்தால் அதில் பேர் வராது, காண்ட்ராக்டும் அதோடு முடியும். நான்கு வருஷம் காத்திருந்த லிஸ்ட். எல்லாம் தெரிந்தும் நான்தான் நச்சரித்தேன். மேடம் பக்கத்தில் நின்று பெயின்ட் கலக்க என்னைச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். கங்காக்கா உட்காரவில்லை என்றால் எனக்கும் வேலை இல்லை. என் ஆசைக்கு அவள் தலையாட்டினாள்.

மூன்று நாள், ஷிப்டு முடிந்து ஒரு மணி நேரம் ட்ரெய்னிங் ஹாலில் நடந்தது. காலையில் பவுடரோடு கேட்டைத் தாண்டுவாள், மத்தியானம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து உட்காருவாள். நான் கங்காவின் நிறத்தைக் கலந்தேன். சும்மா இல்லை, முறைப்படி. அட்டையில் ஒரு பொட்டு வைத்து, லேடீஸ் டாய்லெட்டில் கை காயவைக்கிற மெஷினுக்குக் கீழே பிடித்துக் காயவைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் அவள் கன்னத்தோடு ஒட்டிப் பார்த்தேன். அந்தப் பெயின்ட் காய்ந்தால் கொஞ்சம் கறுக்கும், அதைக் கழித்துக் கலக்க வேண்டும். கங்காவின் நிறம் நல்ல காப்பிக்கொட்டைப் பழுப்பு, அடியில் ஒரு சிவப்பு ஓடும், காது மடலில் அது தெரியும், கழுத்தில் கொஞ்சம் மஞ்சள். பதினொன்றாவது பொட்டில் அட்டை எங்கே, கன்னம் எங்கே என்று தெரியாத அளவுக்கு வந்துவிட்டது.

மேடம் எட்டிப் பார்த்துவிட்டு, "ரொம்ப பிரவுன். இன்னும் டார்க்கா குடு" என்றார்.

"மேடம், இது கரெக்ட் மேட்ச் மேடம். வெச்சே பாருங்க."

"ஷாலின், நான் மேட்ச் கேக்கல. நான் ட்ரூத் கேக்கறேன்."

ட்ரூத் நீலம் கலந்த கறுப்பாக இருந்தது. நான் கலந்து கொடுத்தேன். பெரிய ஆர்ட்டிஸ்ட், நமக்குத் தெரியாததா அவருக்குத் தெரியாமல் போகும் என்று நினைத்தேன். பதினொன்றாவது பொட்டு விழுந்த அட்டையைத் தூக்கிப் போடவும் மனசு வரவில்லை, ஐடி கார்டு உறைக்குள் செருகிக்கொண்டேன். "இன்னாடி எழவு, என்னிய பாக்கெட்ல வெச்சிகினு சுத்துற" என்று கங்காக்கா திட்டினாள்.

நாலாவது நாள்தான் மகளிர் தினம். காலை வெயிலில் சில போட்டோ வேண்டும் என்று மேடம் கங்காவைப் பஸ் ஸ்டாப்பிலிருந்தே காரில் ஏற்றி வடக்குப்பட்டு ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய்விட்டார். "மூஞ்சில எதுவும் போடக் கூடாது, பையையே கொண்டு வராதீங்க" என்று முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எட்டே முக்காலுக்குக் கார் இரண்டாம் கேட்டில் நின்றது. மேடத்தின் சாமான்களை இறக்க நானும் அங்கே நின்றேன்.

கங்காக்கா முகத்தைக் காட்டினாள். சிவப்பு. முந்தானையால் துடைத்துவிட்டுக் காட்டினாள். சிவப்பு.

"யாராச்சும் பவுடர் வெச்சிகிறீங்களாடி?" என்று திரும்பினாள். முதல் ஷிப்டு எப்போதோ உள்ளே போயிருந்தது. என் பையில் பவுடர் கிடையாது. நான் மாநிறம், எனக்கு மெஷின் ஒரு நாளும் மறுத்ததில்லை. பஸ்ஸில் டப்பா வந்தால் கூட்டத்தோடு கூட்டமாகத் தடவிக்கொள்வேன், அவ்வளவுதான்.

மூன்றாவது சிவப்பு.

செக்யூரிட்டி இருதயசாமி அண்ணன் தலையைச் சொறிந்தார். "நீ கங்கா இல்லன்னு சொல்லுதும்மா. நான் இன்னா பண்றது?"

"நாலு வருசமா தெனம் பாக்குற, நான் யாருன்னு உனக்குத் தெரியாதாண்ணா?"

"எனக்குத் தெரியும்மா. என்னிய யாரு கேக்குறா?"

மேடம் கார் கண்ணாடியை இரண்டு விரல்கடை இறக்கினார். "என்ன டிலே? நான் எச்.ஆர்.கிட்ட சொல்லிக்கறேன், வாங்க." விசிட்டர் சீட்டு எழுதினார்கள். அதில் 'யாரைப் பார்க்க' என்ற இடத்தில் இருதயசாமி அண்ணன் யோசித்து யோசித்து 'கங்கா' என்று எழுதினார். மேடம் எச்.ஆர்.கிட்ட என்ன சொன்னார் என்றால், ஏசியைக் குறைக்கச் சொன்னார்.

பதினொரு மணிக்குத் திரை விலகியது. எல்லாரும் தட்டினார்கள். ஏழடி உயரத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். மை மாதிரிக் கறுப்பு, அதில் இரண்டு வெள்ளை முழி, சிவப்புக் கண்டாங்கிச் சேலை, ரவிக்கை இல்லை, தலையில் குடம் வைத்துக்கொள்வது மாதிரி ஒரு பம்பர். கங்காக்கா பிறந்ததிலிருந்து பம்பரைத் தலையில் தூக்கியதில்லை. நாற்பது பம்பரை ஒரே தூக்கில் லாரியில் வைக்கிறவள் அவள். அந்த ஃபோர்க்லிஃப்ட்டை மேடம் மூன்று நாளும் ஜன்னல் வழியாகப் பார்த்தார், வரைய அது போதுமான அளவு பரிதாபமாக இல்லை போலிருக்கிறது. படத்துக்குப் பெயர் 'மண்'.

"எப்படி இருக்கு கங்கா?" என்றார் மேடம், கண்ணில் தண்ணீரோடு.

கங்காக்கா படத்தைப் பார்த்தாள். "யாருங்க இது?"

மேடத்துக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துவிட்டது. உடனே போனில் குறித்துக்கொண்டார்.

பிளான்ட் ஹெட் மகாராஜா சார் தூத்துக்குடிக்காரர், நல்ல மனுஷன் மாதிரிச் சிரிப்பார். படத்துக்கு ஒரு பக்கம் அவர், மறுபக்கம் மேடம். "ஏம்மா கங்கா, நடுவுல வந்து நில்லும்மா. பேப்பர்காரங்க நிக்காங்கல்லா."

கங்காக்கா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"நான் நிக்கக் கூடாது சார். நான் இன்னிக்கு ஆப்சென்ட்டு."

"என்னது?"

"ஆப்சென்ட்டு சார். கேட்டாண்ட கேளுங்க. வராதவ எப்டி சார் போட்டோல நிப்பா? அப்பறம் உங்க மெஷின பொய்யின்னு சொல்லிடுவாங்க."

ஹாலில் எவளோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். மகாராஜா சார் விஜயராகவன் சாரைப் பார்த்தார். விஜயராகவன் சார், "சரி பண்ணிடறேன் சார், சின்ன விஷயம்" என்றார். அதைக் கேட்ட பிறகுதான் கங்காக்கா எழுந்து போய் நின்றாள், அதுவும் சிரிக்காமல்.

மறுநாள் நாங்கள் இரண்டு பேரும் எச்.ஆர். ரூமுக்குப் போனோம். சின்ன விஷயம் ஒரே ராத்திரியில் பெரிய விஷயமாகியிருந்தது.

"சிஸ்டத்துல கை வைக்க முடியாதும்மா" என்றார் விஜயராகவன் சார். "நேத்து ஒருநாள மாத்தினா ஆடிட்ல கேப்பான். மெஷின் பொய் சொல்லாது. பாரு, உன் ரெக்கார்டே இருக்கு." ஸ்கிரீனை எங்கள் பக்கம் திருப்பினார்.

கங்காவின் ரெக்கார்டில் ஒரு ரோஸ் நிறப் பெண் இருந்தாள். கண் பெரிசு, தாடை ஒடுக்கம், கங்காக்காவுக்கு இருக்கிற நெற்றித் தழும்பு அவளுக்கு இல்லை. நான் ஐடி கார்டு உறையிலிருந்து அட்டையை எடுத்து முதலில் கங்காவின் கன்னத்தில் வைத்தேன், பிறகு ஸ்கிரீனில் வைத்தேன். பெயின்ட் ஷாப்பாக இருந்தால் சைரனே அடித்திருக்கும்.

"சார், இந்த போட்டோ யார் எடுத்தது?"

மூலையில் உட்கார்ந்திருந்த அசிஸ்டென்ட் சஞ்சய் தொண்டையைச் செருமினான். மெஷினில் ஏற்ற ஆம்பளைங்க வரிசையை ஆபீஸ் டேப்லெட்டில் எடுத்தார்கள், லேடீஸ் வரிசையை அவன் தன் புதுப் போனில் எடுத்தான். "பியூட்டி மோட ஃபுல்லா வெச்சேங்க. லேடீஸ்தான, அழகா இருக்கட்டும்னு..."

அந்தப் போட்டோவை அன்றைக்கு எல்லாரும் அவனிடம் கெஞ்சி வாங்கி வாட்ஸ்அப் டிபி வைத்தது எனக்கு ஞாபகம் வந்தது. நல்ல போன், நல்ல வெளிச்சம் என்று நினைத்தோம். ஏழு மாசமாக அந்த மெஷின் எங்களையே தேடவில்லை, இந்த ரோஸ் பெண்களைத் தேடியிருக்கிறது. நாங்கள் பவுடர் பூசி அவர்களைப் போல நடித்திருக்கிறோம்.

"மாஸ்டரே தப்பு சார்" என்றேன். "பார்ட்ல தப்பில்ல."

"ஒருத்தர வெச்சி அப்படிச் சொல்ல முடியாது. ஒரு ஆளுக்கு விழுந்தா அது ஃபேஸ் ப்ராப்ளம்."

"எங்க ஷாப்ல ரூல் இருக்கு சார். ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனா பீஸ ஒதுக்கணும். தொடர்ந்து பத்து பீஸ் ரிஜெக்ட் ஆனா லைன நிறுத்திட்டு மாஸ்டர செக் பண்ணணும். செவுத்துல ஒட்டியே வெச்சிகிறாங்க."

அவர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "சரி, பத்து பீஸ் கொண்டா. பழைய போட்டோ வேணாம், மூஞ்ச கழுவிட்டு புதுசா எடுத்துக்கறோம்னு கையெழுத்து போடட்டும். இருபதாம் தேதிக்குள்ள. சிஸ்டம் எரர்னு நானே மெயில் போட்டு மூணு ஆப்சென்ட்டையும் எடுத்துடறேன்." பத்து பேர் வர மாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எச்.ஆர். மேனேஜர் ஆச்சே, பெண்களைப் பற்றி அது ஒன்றாவது படித்திருப்பார்.

எனக்குத் தெரியவில்லை. கேன்டீனில் நின்று உண்மையைப் போட்டு உடைத்தால் நாற்பது பேரும் கொதித்துப்போய் ஓடிவருவார்கள் என்று நம்பினேன். "நம்ம மூஞ்ச திருடிட்டாங்க!" என்றெல்லாம் பேசினேன். கனகலட்சுமி சாம்பார் சாதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"தோ பாரு ஷாலு. பொறந்ததுலேர்ந்து அந்த ஒரு போட்டோலதான் நான் நல்லா கீறேன். அத்த அழிக்கச் சொல்றியா?"

"அது நீ இல்லக்கா."

"நான் இல்லன்னு எனக்குத் தெரியாதா? போடீ."

உமாதேவி என்னைத் தனியாக இழுத்துப்போனாள். அவளுக்கு நிச்சயம் ஆனதே அந்தப் போட்டோவைக் காட்டித்தான். "வேற போட்டோ ஏறிச்சுன்னு அவங்க வூட்டுக்குத் தெரிஞ்சா இன்னா சொல்லுவேன்? அவரு தம்பி ஸ்டோர்ஸ்ல கீறாரு." இன்னொருத்தி, பவுடர்தானே, பூசினால் போச்சு, இதுக்கு எதுக்கு எச்.ஆர். ரூம் என்றாள். இன்னொருத்தி, கங்காவைத்தான் படமும் வரைவாங்களாம், பெர்மனென்ட்டும் அவளுக்கேவாம் என்றாள்.

இதற்கிடையில் சுவாதி மேடம் இன்ஸ்டாகிராமில் புதுப் படம் போட்டிருந்தார். கங்கா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற போட்டோ. கீழே, 'தன் முகத்தையே யார் என்று கேட்டாள். அவள் இங்கே ஆப்சென்ட்'. பத்தாயிரம் ஹார்ட். நான் மெசேஜ் போட்டேன், மேடம், நீங்கள் மகாராஜா சாரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று. பதிலுக்குக் கைகூப்பும் பொம்மை ஒன்று வந்தது. எந்த நிறத்துக் கை என்று பார்த்தேன். அதிலும் கறுப்பையே தேர்ந்தெடுத்திருந்தார்.

ஒவ்வொருத்தியாகப் பிடித்தேன். மழை வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன், ஜூலையில் உனக்கும் மூணு விழும் என்று மிரட்டினேன். பெயின்ட் காயவைக்கும் ஓவன் பக்கத்தில் வேர்வை வழிய நிற்கும் ஆட்கள் நாலு பேர் முதலில் வந்தார்கள். டப்பா வாங்கியே அலுத்துப்போன இரண்டு பேர். கங்காவிடம் ஃபோர்க்லிஃப்ட் கற்றுக்கொள்ளும் இரண்டு பேர். இருபதாம் தேதி மத்தியானம் கங்காவோடு சேர்த்து ஒன்பது பேர் முகம் கழுவி வரிசையில் நின்றார்கள். சஞ்சய் ஆபீஸ் டேப்பில் ஒவ்வொருத்தியாக எடுத்தான்.

"ஒம்போது" என்றார் விஜயராகவன் சார், வாட்சைப் பார்த்துக்கொண்டு. "பத்தாவது?"

நான் கதவைப் பார்த்தேன். யாரும் வரவில்லை. கங்காக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாள் எல்லாரிடமும் பேசிய நான், என் போட்டோவை மாற்றலாம் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை. எனக்குத்தான் மெஷின் பிரச்சினை இல்லையே என்று சொல்லிக்கொள்ளலாம். அது பொய். அந்தப் போட்டோவில் என் மூக்கு மெல்லிசாக இருந்தது. எட்டு வயசிலிருந்து நான் பென்சிலால் வரைந்து வரைந்து சின்னதாக்கிய மூக்கு, அந்தப் போன் ஒரு நொடியில் சரி செய்திருந்தது. என் டிபியும் அதுதான். மூஞ்சியைத் திருடிட்டாங்க என்று கேன்டீனில் கத்தியபோதும் டிபி அதுவாகத்தான் இருந்தது.

"சார், நாளைக்குள்ள ஒரு ஆள..." என்று ஆரம்பித்தேன்.

"மெயில் அஞ்சு மணிக்குப் போவணும்."

கங்காக்கா கேட்டிருக்கலாம், திட்டியிருக்கலாம். ஃபோர்க்லிஃப்ட் சாவியை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டு நின்றாள். படத்துக்கு உட்கார்ந்த மூன்று நாளும் சுவாதி மேடத்தைப் பார்த்த அதே பார்வை. மேடத்தைப் பார்த்தபோது அதை நான் பொறுமை என்று நினைத்தேன்.

நான் போய் டேப்புக்கு எதிரில் நின்றேன்.

"சிரிக்காதீங்க, நேரா பாருங்க" என்றான் சஞ்சய். எடுத்துக் காட்டினான். டியூப்லைட் வெளிச்சம், எண்ணெய் வழிந்த நெற்றி, அப்பாவின் மூக்கு அப்படியே. ஷேடு செக்கிங் கண்ணோடு பார்த்தேன். மேட்ச். ரிஜெக்ட் பண்ண ஒரு காரணமும் கிடைக்கவில்லை. பிடிக்கத்தான் இல்லை.

விஜயராகவன் சார் 'சிஸ்டம் எரர்' என்று மெயில் அடித்தார். சஞ்சயின் போன் விஷயம் அதில் ஒரு வரிகூட இல்லை. மற்ற முப்பது பேரைப் பற்றியும் இல்லை. அவர்கள் கேட்டால் பார்க்கலாம் என்றார். யாரும் கேட்கவில்லை.

முப்பதாம் தேதி லிஸ்ட் ஒட்டினார்கள். ஏழாவது பேர் கங்கா. நான் லோடிங் பக்கம் ஒரே ஓட்டமாக ஓடினேன். அவள் வண்டியில் உட்கார்ந்திருந்தாள், யாரோ ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். லாரி ஒன்று பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு நின்றது.

"அக்கா, பாத்தியா? பேரு வந்துச்சி!"

"ம்."

அவ்வளவுதான். நான் மூச்சு வாங்கிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான்கு வருஷம், மூன்று ஆப்சென்ட், பத்து மூஞ்சி. ஏதாவது வரும் என்று நின்றேன்.

கங்காக்கா லீவரைப் பிடித்தபடி என்னை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"இன்னா, அழுவேன்னு பாத்துகினு நிக்கிறியா? அழுதா நீயும் வரஞ்சிடுவ. தள்ளு, வண்டி ரிவர்ஸ் வருது."